பக்கத்து நாற்காலியில் நாற்பது ஆண்டுகள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், டைம்-அவுட் எனப்படும் சிறு இடைவேளையில் பயிற்சியாளர்களைக் கவனியுங்கள். வீராங்கனைகள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் பல சமயம் உடனே அவர்களிடம் போக மாட்டார். நாலைந்து அடி தள்ளி, கோர்ட்டுக்குள்ளேயே, உதவிப் பயிற்சியாளர்களோடு சின்ன வட்டமாக நிற்பார். பத்து, பதினைந்து நொடிதான். ஒருவர், எதிரணி இடப்பக்கமே பந்தைக் கொண்டுவருகிறது என்பார். இன்னொருவர், நம் உயரமான பெண் மூச்சு வாங்குகிறாள், இரண்டு நிமிடம் உட்கார வைக்கலாம் என்பார். மூன்றாமவர் யாருக்கு எத்தனை ஃபவுல் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்வார். அப்புறம்தான் தலைமைப் பயிற்சியாளர் பலகையும் பேனாவுமாக வீராங்கனைகள் முன்னால் மண்டியிட்டு உட்காருவார். டிவி கேமரா நெருங்கிப் போவது அப்போதுதான். என்ன செய்வது என்கிற முடிவு அதற்கு முன்பே, கேமரா கண்டுகொள்ளாத அந்தப் பத்து நொடியில் பிறந்திருக்கும்.

அந்த வட்டத்தில் நிற்கும் உதவிப் பயிற்சியாளரின் தொழில் வாழ்க்கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொதுவாக இந்த வேலையை ஒரு படிக்கட்டாகத்தான் பார்க்கிறார்கள். சில வருஷம் உதவியாளராக இருக்க வேண்டும், அப்புறம் தலைமைப் பதவி கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஏதோ குறை என்று ஒரு கணக்கு. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், மிகப் பெரிய அணிகள் நிலைத்து நின்றதற்கு உதவியாளர் நாற்காலியையே தன் தொழிலாக எடுத்துக்கொண்ட சில பெண்கள் முக்கியமான காரணம். அவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கிறிஸ் டெய்லி.

டெய்லி நியூ ஜெர்சிக்காரர். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1982-ல் அந்த அணி ஃபிலடெல்ஃபியாவில் டெக்சாஸ் அணியை 83-77 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதுவரை பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திவந்தது ஏஐஏடபிள்யூ என்கிற பெண்களுக்கான தனி அமைப்பு. அந்த ஆண்டுதான் ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த என்சிஏஏ பெண்களுக்கும் போட்டி தொடங்கியது. பணமும் தொலைக்காட்சியும் என்சிஏஏ பக்கம் போக, பழைய அமைப்பு அதோடு மூடப்பட்டது. ரட்கர்ஸ் வென்றது அந்த அமைப்பின் கடைசிக் கூடைப்பந்துப் பட்டம். அதே மார்ச்சில் என்சிஏஏ-வின் முதல் பட்டத்தை வென்றது லூசியானா டெக். அந்த அணியில் கிம் மல்கி என்று ஒரு குட்டையான, துடிப்பான கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர், ஆடினார். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

படிப்பு முடிந்தபின் டெய்லி கார்னெல்லிலும் ரட்கர்ஸிலும் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தார். 1985-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூகான், ஜீனோ ஆரியெம்மா என்கிற இளைஞரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. அவரும் அதுவரை வர்ஜீனியாவில் உதவியாளராக இருந்தவர்தான். அவர் சேர்த்துக்கொண்ட உதவியாளர் டெய்லி. யூகான் பெண்கள் அணிக்கு அப்போது ஒரு பெயரும் கிடையாது. அதுவரையான வரலாற்றில் ஒரே ஒரு வருஷம்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். ஆடிய பழைய கூடத்தின் கூரை ஒழுகும். சுற்றிலும் ஓட்டப் பந்தய அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும். முதல் பருவத்தில் 12 வெற்றி, 15 தோல்வி. ஆரியெம்மாவின் வாழ்க்கையில் தோல்வி மிகுந்த பருவம் அது ஒன்றே ஒன்றுதான்.

அப்படிப்பட்ட இடத்துக்கு நல்ல பெண்களை எப்படி வரவழைப்பது? அது டெய்லியின் பொறுப்பு. காட்டுவதற்குக் கோப்பையும் இல்லை, அழகான அரங்கமும் இல்லை. பெற்றோரின் வீட்டுக்குப் போய், உங்கள் மகளை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி நம்ப வைக்க வேண்டும். ஒரு முறை நம்ப வைத்துவிடலாம். நாலு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா இன்னொரு அம்மாவிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே, அதுதான் கடினம். 1988-ல் அவருக்கு இணைத் தலைமைப் பயிற்சியாளர் என்று பதவி உயர்வு வந்தது. 1990 ஜனவரியில் அணிக்குக் கேம்பல் அரங்கம் திறந்தது. 1991-ல் அணி முதல்முறையாக ஃபைனல் ஃபோர் எனப்படும் அரையிறுதிச் சுற்றுக்குப் போனது. 1995-ல் ரெபெக்கா லோபோ ஆடிய அணி 35 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் முதல் பட்டத்தை வென்றது. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். 2014-லிருந்து 2017 வரை தொடர்ச்சியாக 111 வெற்றிகள்.

யூகானில் டெய்லியை எல்லோரும் சிடி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் 18 வயதுப் பெண்ணுக்கு எழுந்து நின்று கைகுலுக்கவும், கண்ணைப் பார்த்துப் பேசவும், வெளியூர் போகும்போது ஒழுங்காக உடுத்தவும் சொல்லித் தருவது அவர் பொறுப்பில் இருக்கும் விஷயங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடே கொண்டாடும் உயர்நிலைப் பள்ளி நட்சத்திரங்கள் 12, 13 பேரை ஒரே அறையில் உட்கார வைக்கும்போது, ஐந்து பேர்தான் கோர்ட்டில் இறங்க முடியும். மிச்சம் இருப்பவர்கள் முகம் வாடாமல் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அந்தப் பக்குவம் ஆட்ட நாளன்று திடீரென்று வராது. காலை உணவு மேசையிலிருந்து யாராவது தினம்தினம் வளர்க்க வேண்டும்.

ஆரியெம்மா வர முடியாத நாட்களில் டெய்லி அணியை நடத்தியிருக்கிறார். 2021 மார்ச்சில் தேசியப் போட்டித் தொடர் தொடங்கும் நேரத்தில் ஆரியெம்மாவுக்குக் கொரோனா. அவர் வீட்டில் மாட்டிக்கொண்டார். சான் அன்டோனியோவில் முதல் இரண்டு சுற்றையும் டெய்லி நடத்தினார். முதல் ஆட்டம் 102-59, இரண்டாவது 83-47. இரண்டிலும் வெற்றி. அணியில் ஒரு பதற்றமும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மாற்றம் வெளியே தெரியாமல் போவதுதான் ஒரு நல்ல உதவியாளர் இருப்பதற்கான அடையாளம் என்று நினைக்கிறேன்.

சரி, இந்த வேலையில் தினமும் என்னதான் செய்கிறார்கள்? நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே பி.டி. மேடம் கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால், ஒரே அணிக்கு நாலைந்து பயிற்சியாளர் எதற்கு என்ற கேள்வி வருவது இயல்பு.

எதிரணிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பருவத்தில் 30 ஆட்டத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு எதிரணியும் ஒரு உதவியாளர் தலையில். இதை ஸ்கவுட் என்கிறார்கள். அந்த உதவியாளர் எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அந்த அணியின் ஒவ்வொரு வியூகத்துக்கும் ஒரு பெயரோ கைச்சாடையோ இருக்கும். அதையும் குறித்துக்கொள்வார். ஆட்டத்தன்று எதிரணிப் பயிற்சியாளர் இரண்டு விரலைத் தூக்கினால், இங்கே பெஞ்சிலிருந்து இவர் எழுந்து, அடுத்து என்ன வரப்போகிறது என்று தன் பெண்களுக்குக் கத்திச் சொல்வார். எதிராளி வாய் திறக்கும் முன்பே அவள் போகப்போகும் இடத்தில் போய் நிற்கும் வீராங்கனையைப் பார்த்தால், அவளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு வீடியோ பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த நாள் பயிற்சியில் அந்த எதிரணி மாதிரியே ஆடிக் காட்ட ஆள் வேண்டும். அதற்குப் பெரும்பாலான பெண்கள் அணிகள் அதே கல்லூரியின் ஆண் மாணவர்களைப் பயன்படுத்துகின்றன. கல்லூரி அணியில் இடம் கிடைக்காத, ஆனால் பள்ளியில் நன்றாக ஆடிய பையன்கள். அவர்களுக்கு ஆட்ட நாளில் சீருடை கிடையாது, கைதட்டலும் கிடையாது. உதவியாளர் அவர்களைக் கூட்டி வைத்து, நீ இன்று அந்த அணியின் 12-ஆம் எண், வலப்பக்கம் மட்டுமே போக வேண்டும், நீ அவர்களுடைய சென்டர் என்று பாத்திரம் பிரித்துத் தருவார். அரை மணி நேரத்தில் அந்தப் பையன்கள் எதிரணியாகவே மாறிவிடுவார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வீராங்கனைகளைப் பயிற்சியில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க வேண்டுமானால் ஏற்பாடு எல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். உதவியாளருக்கு 20 மணி நேர வரம்பு எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே இருப்பது ஆள் தேடும் வேலை. கோடையில் பள்ளி மாணவிகளின் கிளப் போட்டிகள் நடக்கும் ஜிம்களில், பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரம் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாணவியோடு பேச அனுமதி இல்லாத நாட்கள் உண்டு. அப்போதும் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும்போது, உனக்காகத்தான் வந்திருக்கிறோம் என்பது அவள் கண்ணில் பட வேண்டும். ஊர் ஊராக விமானம், வாடகைக் கார், மலிவான ஓட்டல்.

இந்தப் பயணங்களில் மறக்கவே முடியாத ஒன்று 1990 செப்டம்பரில் நடந்தது. டென்னசி அணியின் தலைமைப் பயிற்சியாளர் பாட் சம்மிட் நிறைமாதக் கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற மாணவியின் வீட்டுக்குப் போயே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். கூடப் போனவர் அவருடைய உதவிப் பயிற்சியாளர் மிக்கி டிமாஸ். போன இடத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. சம்மிட் பேச வேண்டியதைச் சுருக்கமாகப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். திரும்பும் சின்ன விமானத்தில் வலி கூடிக்கொண்டே போனது. விமானிகள் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாமா என்று கேட்டார்கள். சம்மிட் மறுத்துவிட்டார். பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும். அதுவும் வர்ஜீனியாவில் பிறக்கவே கூடாது. அந்த ஆண்டு மார்ச்சில் வர்ஜீனியா அணி கூடுதல் நேரத்தில் டென்னசியை வென்று போட்டியிலிருந்து வெளியேற்றியிருந்தது. அந்த வருஷத்து ஃபைனல் ஃபோர் நடந்தது டென்னசியின் சொந்த ஊரான நாக்ஸ்வில்லில். சொந்த ஊரில் நடந்த விருந்துக்கு இவர்களுக்கு இலை இல்லாமல் போன வருத்தம் அது. கடைசியில் மகன் டைலர் நாக்ஸ்வில்லில்தான் பிறந்தான். அந்த விமானத்தில் பக்கத்தில் இருந்து பதற்றத்தைத் தாங்கிக்கொண்டவர் டிமாஸ். மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு கூடைப்பந்து உதவியாளர். மார்சினியாக் முதலில் வேறு கல்லூரிக்குப் போய், அப்புறம் டென்னசிக்கே மாறி வந்து, 1996 பட்டத்தை வென்ற அணியில் ஆடினார்.

இவ்வளவு செய்பவர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும் எப்படி? பெரும்பாலான உதவியாளர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கிடையாது. தலைமைப் பயிற்சியாளர் போனால், அல்லது போகச் சொன்னால், புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிவருவார். பழைய உதவியாளர்கள் வீட்டை விற்று, பிள்ளைகளைப் பள்ளி மாற்றி, அடுத்த ஊர் பார்க்க வேண்டியதுதான். 1990-களின் தொடக்கத்தில் என்சிஏஏ செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு விதி போட்டது. அணியில் ஒரு உதவியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. ஆண்கள் கூடைப்பந்து உதவியாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். எல்லாக் கல்லூரிகளும் கூடிப் பேசிச் சம்பளத்தை அமுக்குவது சட்ட விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. 1999-ல் என்சிஏஏ 5.45 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2023-ல் கூடைப்பந்து அணிகள் இன்னும் இரண்டு பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. ஆனால் அந்த இருவரும் வெளியே போய் ஆள் தேட முடியாது என்று அப்போது வரம்பு வைத்தார்கள். ஆக, உதவியாளர்களுக்குள்ளேயே ஒரு மேல்படி, கீழ்ப்படி வந்தது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். சட்டம் வந்தது, பணம் வந்தது, கூடவே ஆண்களும் வந்தார்கள். எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கூடைப்பந்தில் நிலைமை கொஞ்சம் மேல். அதற்குக் காரணம் நிறைய பெண்கள் உதவியாளர்களாக உள்ளே இருப்பது. நாளைய தலைமைப் பயிற்சியாளர் வருவது அந்த பெஞ்சிலிருந்துதான். அங்கே பெண்கள் குறைந்தால் பத்து வருஷம் கழித்து எங்கே தேடுவது?

இப்போது கிம் மல்கியிடம் வருவோம். லூசியானா டெக்கில் ஆடி முடித்து, 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, 1985-ல் அதே கல்லூரியில் லியன் பார்மோருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 15 ஆண்டுகள். 1988 பட்டத்தின்போதும் அவர் பெஞ்சில் இருந்தார். 2000-ல் பார்மோர் ஓய்வுபெறப் போவதாகச் சொன்னார். அடுத்து மல்கிதான் என்று ஊரே நினைத்தது. கல்லூரியும் அவரைத்தான் கேட்டது. மல்கி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கேட்டார். கல்லூரி அதற்கு இறங்கி வரவில்லை. ஆடிய வருஷங்களையும் சேர்த்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கொடுத்த ஒரு பெண் கேட்டது, ஐந்து வருஷத்துக்கு வேலை நிச்சயம் என்கிற ஒரே ஒரு வரி. அது கிடைக்காததால் பேலர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முந்தைய பருவத்தில் 7 வெற்றி, 20 தோல்வி கண்ட அணி அது. ஐந்தாவது பருவத்தில், 2005-ல், பேலர் தேசியப் பட்டம் வென்றது. 2012-ல் 40 ஆட்டங்களில் 40 வெற்றி. 2019-ல் மூன்றாவது பட்டம். அப்புறம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்எஸ்யூ) போய் 2023-ல் நாலாவது. லூசியானா டெக் 1999-க்குப் பிறகு ஃபைனல் ஃபோர் பக்கம் போனதே இல்லை. தோல்விக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் இருந்த ஆளின் மதிப்பைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது அதில் முதல் காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் மனதைத் தொடும் ஒரு திருப்பமும் உண்டு. ஓய்வுபெற்ற பார்மோர் பின்னாளில் பேலருக்கு வந்து, தன் பழைய உதவியாளருக்கே உதவியாளராகச் சில பருவங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லா உதவியாளருக்கும் மேலே போவது இப்படி அமைவதில்லை. ஹாலி வார்லிக் டென்னசியில் சம்மிட்டிடம் ஆடியவர். 1985-லிருந்து அவருக்கு உதவியாளர். டென்னசியின் எட்டுப் பட்டங்களிலும் அவர் பங்கு உண்டு. டிமாஸ் 2003-ல் கென்டக்கிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், நாலு பருவம் நடத்திவிட்டு, வேறு வழியாகச் சுற்றி 2010-ல் மறுபடி சம்மிட்டிடமே வந்துசேர்ந்தார். 2011 ஆகஸ்டில் சம்மிட் தனக்கு இளவயது அல்ஷைமர் வகை மறதிநோய் வந்திருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 59 வயது. அந்தக் கடைசிப் பருவத்தை வார்லிக், டிமாஸ், டீன் லாக்வுட் மூவரும் சேர்ந்து தாங்கினார்கள். சம்மிட் பெஞ்சில் இருப்பார். எழுந்து கத்துவதும், டைம்-அவுட்டில் வரைவதும், ஆட்டம் முடிந்தபின் பத்திரிகையாளர்களைச் சந்திப்பதும் பெரும்பாலும் வார்லிக். ஊருக்கே தெரிந்த ஒரு சோகத்தை மறைக்கவும் முடியாமல், அதையே பேசிக்கொண்டிருக்கவும் முடியாமல், ஒரு அணியை 2012 மார்ச் வரை, கடைசி எட்டு அணிகள் வரை கொண்டுபோனார்கள். அந்த எட்டில் அவர்களை நிறுத்தியது மல்கியின் பேலர். 27 வருஷ உதவியாளர் வேலையில் வார்லிக் செய்த மிகப் பெரிய காரியம் அந்தப் பருவம்தான் என்று நான் சொல்வேன். அதற்குப் பட்டம் கிடைக்கவில்லை.

2012 ஏப்ரலில் அவர் முழுத் தலைமைப் பயிற்சியாளரானார். ஏழு பருவங்கள், 172 வெற்றி, 67 தோல்வி. வேறு எந்த ஊரிலும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் 1,098 ஆட்டங்களை வென்ற ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது போதவில்லை. 2019 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். நல்ல உதவியாளர் நல்ல தலைமைப் பயிற்சியாளர் ஆக மாட்டார் என்பதற்கு இதை உதாரணமாகச் சிலர் காட்டுகிறார்கள். அது நியாயமில்லை. யாரை அங்கே உட்கார வைத்திருந்தாலும் அந்த நிழலிலிருந்து விலகியிருக்க முடியாது.

அயோவாவில் இந்த மாற்றம் இன்னும் இதமாக நடந்தது. ஜான் ஜென்சன் அந்த மாநிலத்துப் பெண். அயோவாவில் பள்ளிப் பெண்கள் 1993 வரை ஆறு பேர் ஆட்டம் ஆடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் தாக்க, மூன்று பேர் மறுபாதியில் தடுக்க, நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. சின்னச் சின்ன ஊர்களும் திரண்டு வந்து பார்த்த ஆட்டம் அது. ஜென்சனின் பாட்டி 1921-ல் மாநிலப் பட்டம் வென்ற ஆடுபான் பள்ளி அணியில் ஆடியவர். ஜென்சன் டிரேக் பல்கலைக்கழகத்தில் 1990-91 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 29.6 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அப்போது அவருடைய பயிற்சியாளர் லீசா புளூடர். அப்புறம் புளூடருக்கே உதவியாளரானார். 2000-ல் இருவரும் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். உயரமான வீராங்கனைகளைப் பழக்குவது ஜென்சனின் தனித் திறமை. கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து வாங்கும்போதே தடுப்பவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தோளில் உணர்ந்து, மறுபக்கம் ஒரு காலை ஊன்றித் திரும்பும் வித்தை. அதைப் படித்த மேகன் கஸ்டாஃப்சன் 2019-ல் நாட்டின் சிறந்த வீராங்கனை ஆனார். அயோவா அணியின் பெரும் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் அனுப்பிய பாஸ்களைக் கூடைக்கு அடியில் வாங்கிப் போட்ட மோனிகா சினானோவும் அவரிடம் பழகியவர்தான். கிளார்க்கின் புகழில் அந்தப் பாஸ்களுக்கு ஒரு பங்கு உண்டென்றால், வாங்கிய கைகளுக்கும் உண்டு.

2024 மே மாதம் புளூடர் ஓய்வை அறிவித்த அன்றே ஜென்சன் தலைமைப் பயிற்சியாளர் என்றும் அறிவித்தார்கள். கிளார்க் போய்விட்ட அணியை வைத்து முதல் பருவத்தில் 23 வெற்றி, 11 தோல்வி. போனவர்களைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில் அது நல்ல தொடக்கம்.

யூகானிலிருந்தும் பலர் வெளியே போனார்கள். அங்கே ஆடிய ஷே ரால்ஃப் 13 பருவம் உதவியாளராக இருந்துவிட்டு 2021-ல் வாண்டர்பில்ட் அணியின் பொறுப்பை ஏற்றார். டோன்யா கர்டோசா டெம்பிளில் 14 ஆண்டுகளும், ஜமெல் எலியட் சின்சினாட்டியில் ஒன்பது ஆண்டுகளும் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்துவிட்டு, மறுபடி யூகானின் பெஞ்சுக்கே உதவியாளராகத் திரும்பினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சறுக்கல் என்பார்கள். தனக்குப் பிடித்த வேலை எது என்று தெரிந்துகொண்டு திரும்புவதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டெய்லி போகவே இல்லை. 1995-க்குப் பிறகு அவருக்கு வேறு அணி கிடைக்காமலா இருந்திருக்கும்? ஒரு இடத்தில் ஒருவர் இத்தனை வருஷம் இருப்பதால் கிடைப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆரியெம்மா கோபக்காரர், நாக்கு கூர்மையானவர். அவர் பயிற்சியில் ஒரு பெண்ணைக் கடிந்துகொண்டால், அவளிடம் அப்புறம் பேச ஒருவர் வேண்டும். அவர் சொன்னது அதிகம் என்றால் அவரிடமே போய்ச் சொல்லவும் ஒருவர் வேண்டும். இரண்டாவது வேலையைப் புதிதாக வந்த உதவியாளரால் செய்ய முடியாது. பதவி பறிபோகும் பயம் இல்லாத, தலைமைப் பதவிக்கு ஆசைப்படுகிறார் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லாத ஒருவரால்தான் முடியும்.

2018-ல் நாக்ஸ்வில்லில் உள்ள பெண்கள் கூடைப்பந்துப் புகழரங்கத்தில் டெய்லியைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு, அதே மேடையில் மிக்கி டிமாஸையும் சேர்த்தார்கள். 1990-களிலும் 2000-களிலும் யூகானும் டென்னசியும் மோதும்போது இரண்டு மாநிலமும் தூங்காது. தலைமைப் பயிற்சியாளர்கள் இருவரும் ஒரு கட்டத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார்கள், 2007-க்குப் பிறகு ஆண்டுதோறும் நடந்த அந்த ஆட்டமே பல வருஷம் நின்றுபோனது. அந்த இரண்டு பெஞ்சிலும் பக்கத்து நாற்காலியில் இருந்த இரண்டு பெண்கள் ஒன்றாகப் புகழரங்கத்துக்குள் போனார்கள்.

2024 நவம்பர் 20-ல் ஆரியெம்மா தன் 1,217-வது வெற்றியோடு கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிக ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் ஆனார். அன்று கேம்பல் அரங்கில் நடந்த விழா இருவருடைய 40-வது பருவத்துக்கும் சேர்த்து எடுக்கப்பட்டது. பழைய வீராங்கனைகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஃபுளோரிடாவின் டாம்பா நகரில். யூகானும் தென் கரோலைனாவும் மோதின. தென் கரோலைனாவின் தலைமைப் பயிற்சியாளர் டான் ஸ்டேலி. ஸ்டேலிக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் லீசா பாயர். ஒரு காலத்தில் ஸ்டேலி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த ஃபிலடெல்ஃபியா அணிக்குப் பயிற்சியாளர். 2001-02 பருவத்தில் கிளீவ்லாண்ட் அணியில் வேலை பார்த்து, ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏ-வில் பயிற்சியாளர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண். அப்புறம் 2002-லிருந்து, முதலில் டெம்பிள், பிறகு தென் கரோலைனா என்று, தன்னிடம் ஆடியவருக்கே உதவியாளர். யூகான் 82-59 என்று வென்றது, ஒன்பது வருஷம் கழித்து வந்த 12-வது பட்டம். ஒரு பெஞ்சில் பாயர், மறு பெஞ்சில் டெய்லி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகுலுக்கின.